ஏழாவது முறை

பத்தூமியில் மழை, வழக்கம்போல.
கெதேவன் டீச்சர் வரவில்லை,
அவர் பேருந்து ஏதோ பாலத்தடியில் நிற்கிறதாம்.
"முப்பத்திரண்டாம் பாடத்தை நீங்களே கேளுங்கள்.
இரண்டே முறை.
முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு
சேர்ந்து உட்கார்ந்து பத்தியைக் கட்டுங்கள்"
என்று குறுஞ்செய்தி.

முப்பத்திரண்டாம் பாடம் தேனீ வளர்ப்பு.
காற்புள்ளி எங்கே வருகிறது என்பதுகூடத் தெரியும்படி
நிதானமாகப் பேசுகிற ஒரு குரல்.
நாங்கள் அதைத் தொடவே இல்லை.

லமாரா தன் போனை மேசை நடுவில் வைத்தாள்.
அபர்தீன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதிவு,
நாற்பத்தொரு நொடி.
தம்பி ஜூம்பர் வடகடல் கப்பலொன்றில் சமையல்காரன்.
திரும்ப அழைத்தால் மணி மட்டும் அடிக்கிறது.

மற்ற நான்கு பேரும் பேனாவைத் திறந்தோம்.

முதல் முறை
ஒரு கதவு, ஒரு தள்ளுவண்டி,
நடுவில் யாரோ ஒரு பெண்
சொற்களை மென்று விழுங்குகிறாள்.
என் தாளில் ஜூம்பர் என்ற பெயர் மட்டும்,
அதுவும் அவள் சொன்னபடி, தப்பாக.

இரண்டாம் முறை
ஒத்தாருக்கு 'இடுப்பு' கிடைத்தது.
நானுலிக்கு 'வியாழக்கிழமை'.
அதே இடத்தில் எனக்கு 'தாகம்'.
அந்த மொழியில் இரண்டும் பக்கத்து வீடு.
பதினாறு வருஷம் சுங்கத்துறையில்
சரக்குப் பட்டியல் படித்தவன் நான்,
எழுதியதில் பிழை இருந்தால் பிடித்துவிடுவேன்.
சொன்னது என் கையில் நிற்பதில்லை.

மூன்றாம் முறை முடிந்ததும்
"அவர் கூப்பிடுவார்" என்றான் ஒத்தார்.
எவர்?
எங்கள் மொழியில் அவன், அவள், அது எல்லாம் ஒரே சொல்.
ஆகவே ஒத்தாரின் குறிப்பில்
டாக்டரும் தம்பியும் கட்டிலும்
ஒரே ஆள்.

நான்காம் முறைதான் அந்த இடம் தட்டுப்பட்டது.
நாளை அவரோடு பேச முடியும்.
அல்லது, நாளை அவரோடு பேச முடியாது.
கடைசியில் ஒரு 'ட்' இருக்கிறதா இல்லையா,
அவ்வளவுதான்.
தள்ளுவண்டிச் சக்கரம் சரியாக அதன்மேல் ஏறிப் போயிருந்தது.

ஐந்து. ஆறு.
ரெவாஸ் கைதூக்கச் சொன்னான்.
இரண்டுக்கு இரண்டு.
லமாரா பேனா மூடியைக்
கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி.

அப்போது நானுலி,
மருந்துக் கடைக்காரி, வகுப்பில் வாயே திறக்காதவள்,
"அந்த 'ட்'டைத் தேடாதீர்கள்" என்றாள்.
"முடியும் என்றால் அதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.
கால்வாசி உச்சரித்துவிட்டு
அடுத்த சொல்லுக்கு ஓடிவிடுவார்கள்.
முடியாது என்றால்தான் அங்கே ஒரு கணம் நிற்பார்கள்.
அவள் நின்றாளா, அதை மட்டும் கேளுங்கள்."

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.
யாரும் எதையும் குறிக்கவில்லை.
கதவு. தள்ளுவண்டி. அந்தப் பெண்.

அவள் நிற்கவில்லை.

"இன்னொரு முறை வேண்டாம்" என்றாள் லமாரா.

பதில் அவளே எழுதினாள். பிழைதிருத்தம் என் வேலை.
'நான் அக்கா' என்று தொடங்கியிருந்தாள்.
அக்காவுக்கு முன்னால் ஒரு ஓட்டை.
அதில் 'ஏ' போடுவதா, 'தி' போடுவதா?
இரண்டுமே எங்கள் மொழிக்கு வந்து இறங்காத சரக்கு.
ஒத்தார் 'ஹிஸ்' என்றான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
"அவனுக்கு நீ ஒரே அக்காவா?"
"குத்தாய்சியில் இன்னொருத்தி இருக்கிறாள்."
"அப்படியென்றால் 'ஏ'."
"நாளைக்குப் பேசப்போகிறவள் நான்"
என்று சொல்லி 'தி' போட்டாள்.
சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு, சொட்டச் சொட்ட, டீச்சர்.
"தேனீ என்ன ஆச்சு?"
தாள்களை வாங்கிப் பார்த்தார்.
இடுப்பு, வியாழன், தாகம், கூப்பிடுவார்.
நான்கிலும் 'நாளை' இருந்தது,
மூன்றில் எழுத்துப் பிழையோடு.