வடிதுணி

இரவு இரண்டே கால்.
அஜ்மான் தொழிற்பேட்டை, மூன்றாம் கொட்டகை.
அரைவை வாய்க்குள் பாட்டில்கள் விழுகின்றன,
யாரோ பாதி குடித்து மூடிய நீரோடு.

போன கோடையில் சாரத்தில் நின்று
ஒரு ஷிப்டுக்குப் பதினொரு பாட்டில் குடித்தவன் நான்.
அவற்றில் சிலவாவது
இந்த வழியாகப் போயிருக்கும்.
அடையாளம் தெரியவில்லை, அவற்றுக்கும் எனக்கும்.

தொட்டியில் மூடி மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும்.
காரம் போட்ட வெந்நீரில் பசை உரியும்.
அந்தப் பக்கம்
கற்கண்டு போலச் செதில் கொட்டும்.
சாக்கில் கட்டினால் காசு.
மறுபடி பாட்டில், மறுபடி தாகம்;
கடலுக்குப் போக இருந்தது
கடைக்கே திரும்புகிறது.
படம் எடுக்க வருகிறவர்கள்
செதிலோடு நின்றுகொள்கிறார்கள்.

என் வேலை இந்தப் பக்கம்.
கழுவிய தண்ணீர்.
அரிசி களைந்த நீர்போல் வெளுத்து வரும்.
அதில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது,
விரலுக்குத் தெரியும்.
மூன்று வடிதுணிகள். மூன்றாவதை
விளக்கருகே பிடித்தாலும் ஓட்டை தெரியாது.
விடியுமுன் சுரண்டி எடுக்கும் சாம்பல்நிறக் களியை
எடை போட்டு நோட்டில் எழுதுவேன்.
திங்கள்: நான்கு கிலோ முந்நூற்றுப் பத்து.

செவ்வாய் இரவு மூன்றாவது துணி கிழிந்தது.
மாற்றுத்துணி ஜெபல் அலியில், வியாழன்தான் வரும்.
குற்றாலிங்கம் அண்ணன் போனில் சொன்னார்:
"பக்கக் குழாயைத் திறந்துவிடு, அது பாட்டுக்குப் போகட்டும்.
ரெண்டு ராத்திரிதானே,
கடல்ல கரைச்ச பெருங்காயம்."

பெருங்காயம் கரையும், அண்ணே.

நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது.
என் விசா அவர் மேசை வழியாகத்தான் போகிறது.
சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

சத்தம் நின்றதும்
தில்பகதூர் காதிலிருந்து பஞ்சை எடுத்தான்.
எங்கள் சாக்கடை ஓடையில் சேரும்,
ஓடை அலையாத்திச் சேற்றில்.
அங்கே நண்டுகள் மண்ணை உருட்டி உருட்டித் தின்னும்.
இந்தக் கடலுக்கோ வாசல் ஒன்றுதான்,
அதுவும் ஒடுக்கம்.
உள்ளே வந்தது லேசில் கிளம்பாது,
எங்களைப்போல.

துணியைத் தரையில் விரித்தோம்.
சாக்கு தைக்கும் ஊசி, நைலான் நூல்.
நூலும் பிளாஸ்டிக், துணியும் பிளாஸ்டிக்,
மண்டியிட்ட முழங்காலில்
கம்பெனி பாலியஸ்டர்.
முள்ளை முள்ளால் என்று
அவனுக்கு இந்தியில் விளக்கப்போய்
பாதியில் விட்டேன்.

இரண்டு மணி நாற்பது நிமிடம்.
சம்பளத்தில் ஒன்றரை நாள் பிடித்தார்கள்.
நோட்டில் அன்று: இரண்டு கிலோ எண்ணூறு.

விடுமுறையில் கார்னிஷ் மணலை
ஒரு பிடி அள்ளினேன்.
கடுகளவு நீலம்.
எங்கள் கொட்டகையினுடையதா?
மூடியா, வலையா, பொம்மையின் காலா?
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
வேறு இடம் தோன்றவில்லை.

புதுத்துணி வந்ததும், பழையதில்
தையல் படாத ஒரு முழத்தை வெட்டி வந்து
கேம்ப் வாஷிங்மெஷின் குழாயின் வாயில்
கட்டியிருக்கிறேன்.
பதினாறு பேரின் உடுப்பு.
முதல் வாரம் எலுமிச்சை அளவு பஞ்சு.
நெஸ்டர் திட்டுகிறான்,
தண்ணீர் தேங்கி அவன் கட்டில்வரை வருகிறதாம்.
கழற்றி அலசலாம் என்றேன்.

அலசிய நீரை எங்கே ஊற்றுவாய் என்கிறான்.

வாளியைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றுகொண்டிருக்கிறேன்.