ஊற வைக்க வேண்டாம்

பாபு ராவ் தெருவில்
என் கடைப் பலகையில் மூன்று எழுத்து:
தமிழ், இங்கிலீஷ்,
அப்புறம் எனக்கே படிக்கத் தெரியாத வங்காளம்.
எழுதிய பெயிண்டருக்கும் தெரியாது.
ஒரு நோயாளி தாளில் கிறுக்கித் தந்ததைப்
பார்த்துப் பார்த்து வரைந்தான்.
கடுகெண்ணெய், பொரி, மைசூர் பருப்பு என்கிறதாம்.
இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

இரண்டு ராத்திரி ரயிலில் வருகிறவர்கள்
முதலில் ஆஸ்பத்திரிச் சீட்டு,
அடுத்து லாட்ஜ் சாவி,
மூன்றாவதாக என்னிடம்: "மொசூர்."

நிதாய் மண்டல் கேட்டது கால் கிலோ.
மறுநாளும் கால் கிலோ.
சேர்த்து வாங்கினால் ரெண்டு ரூபாய் குறையும்
என்றேன், விரலால்.
எத்தனை நாள் இருப்போமோ
என்றான், அவனும் விரலால்.

மனைவி ஷெபாலிக்கு ஆபரேஷன்.
ரத்தம் ஏழு புள்ளி இரண்டு.
பத்தைத் தொடாமல் கத்தி வைக்க மாட்டார்களாம்.
ஊசி உண்டு, மாத்திரை உண்டு,
சாப்பாட்டுக்கு ஒரு தாளும் உண்டு.
தவறிப்போய்த் தமிழ்த் தாள்.
படி என்று என்னிடம் நீட்டினான்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது.
தினம் இரண்டு கிண்ணம் பருப்பு, கூடவே கீரை.
பருப்பில் எலுமிச்சை பிழிந்தால்தான்
இரும்பு உடம்பில் ஒட்டும்.
சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்,
ஒரு மணி நேரம் போகட்டும்.

காற்றில் எலுமிச்சை பிழிந்தேன்.
டீ டம்ளரைக் காட்டித் தலையை ஆட்டி
சுவர்க்கடிகாரத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டேன்.
எதிர்க்கடை எத்திராஜ்
நான் கூத்துக் கட்டுகிறேன் என்றே நினைத்திருப்பார்.

ஒருநாள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு
அவர்கள் மூன்றாம் மாடிக்குப் போனேன்.
வாடகை அடுப்பு, அலுமினியச் சட்டி.
மூன்று தண்ணீரில் கழுவினான்.
ஊற வைக்கவில்லை. குக்கரும் இல்லை.
நம் துவரை விசிலடித்து அடம்பிடிக்கிற நேரத்தில்
இது சத்தமில்லாமல் குழைந்துவிட்டது,
செங்கல்பொடி நிறம் போய்
மஞ்சளாய்.

கட்டிலிலிருந்து ஷெபாலி ஏதோ கேட்டாள்.
ரூம்பாய்க்குப் பாதி வங்காளம் வரும்.
"செகப்பு எங்க போச்சுன்னு கேக்குறாங்கண்ணா."
நிதாய் கரண்டியால்
அவள் மணிக்கட்டைச் சுட்டினான்.
சிரித்தாள்.
உதடு சுண்ணாம்பு நிறம்.

ஒன்பது கால் கிலோ.
எட்டரை என்று ஒருநாள் விரல் மடக்கிக் காட்டினான்.
பத்தாம் நாள் பொட்டலம் கட்டி வைத்தேன்,
வரவில்லை.
அறை பூட்டியிருந்தது. ரூம்பாய்க்கு லீவு.
பத்து ஆகிவிட்டதா,
காசு தீர்ந்து ஊருக்கே திரும்பினார்களா,
யாரைக் கேட்பது.

பொட்டலத்தைச் சத்துவாச்சாரி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"இது சாம்பாருக்கு ஆவாது,"
என்றாள் மல்லேஸ்வரி.
"கொழகொழன்னு பூடும்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா வாங்கி வச்சிகீறேன்,
அதுல போயி இத்தப் போடச் சொல்றியே."

நானே அடுப்பில் நின்றேன்.
கடுகெண்ணெய் புகைந்ததும்
பையன் எழுந்துபோய் சன்னலைத் திறந்தான்.
எலுமிச்சை தேடி மிக்ஸியை நகர்த்தினால்
அடியில் நான்காய் மடித்த சீட்டு.
மகளிர் குழு ரத்தப் பரிசோதனை முகாம், போன மார்கழி.
பெயர் மல்லேஸ்வரி. வயது நாற்பத்தொன்று.
எட்டு புள்ளி ஒன்று.

"இன்னாது இது?"
"அதுவா, அப்ப எடுத்தது."
"சொல்லவேயில்ல?"
"நீ எங்க கேட்ட?"

பதினொரு வருஷம்.
ஊர் தெரியாத, மொழி தெரியாத பெண்களின்
ஏழு, ஆறரை, ஒன்பதையெல்லாம்
வாயில் போட்டுக்கொண்டு எடை போட்டவன்.
மாடிப்படி ஏறி அவள் மூச்சு வாங்கியதை
வெயில் என்றிருந்தேன்.
வேலூரில் எதற்கும் வெயிலைச் சொல்லிவிடலாம்.

இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டாள்.
"உப்பு கம்மி."
எலுமிச்சையை அவளே பிழிந்துகொண்டாள்.

தட்டைக் கழுவிவிட்டு
டீக்குப் பால் வைத்தாள்.
நான் கடிகாரத்தைக் காட்டி
விரலால் ஒரு வட்டம் போட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டு
பாலை இறக்காமல்
தீயை மட்டும் அணைத்தாள்.