இடது தோள்

மூன்று குளிர்காலம் வரைந்தேன்.
கதவுகளின் மேல் ஓடும் ஒற்றைக் கோடு என் பங்கு.
முன்விளக்கில் பிறந்து
பின்விளக்கில் போய் அடங்கும்.
தூரின் பட்டறையில் அதைத் தோள் என்போம்.

இப்போது ஜெனீவா, மார்ச் மாதம்.
சுழல்மேடையில் வல்தோராவின் புது வண்டி.
நிறத்தின் பெயர் நனைந்த கற்பலகை;
அந்தப் பெயருக்கு மட்டும் நான்கு கூட்டம் நடந்தது.

அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டுக்
கூட்டத்தோடு நிற்கிறேன்,
பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவதைக்
கதவிடுக்கில் கேட்கும் தகப்பன்போல.

"முகத்தில் என்ன இவ்வளவு கோபம்?" என்றாள் ஒருத்தி.
"கோபமில்லை, மலச்சிக்கல்" என்றான் கூட வந்தவன்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
முகம் ஹோகோன் வரைந்தது.

வின்டர்தூரிலிருந்து ருக்ஸ்டூல் வந்திருந்தார்.
அவர் வீட்டில் ஐம்பது வயது வல்தோரா ஒன்று
போர்வைக்குள் தூங்குகிறது.
"வல்தோரா என்றால் குனிந்துதான் ஏற வேண்டும்.
மலை ஏறின குதிரை ஐயா இது,
முதுகில் மளிகை மூட்டை கட்டிவிட்டீர்களே" என்றார்
யாரென்றில்லாமல் எல்லோரிடமும்.
சொல்லச் சொல்ல அவர் கை
இருக்கையின் உயரத்தைத் தன் இடுப்போடு
ரகசியமாக அளந்துகொண்டிருந்தது.

"விலையைச் சொல்லுங்கள், பிறகு
அழகா இல்லையா என்று சொல்கிறேன்" என்றது
பட்டுக் கழுத்துக்குட்டை அணிந்த ஒரு குரல்.

ஒலிவாங்கியில் ஒர்னெல்லா:
"இது ஜீப் அல்ல. கார் அல்ல. ஒரு மனநிலை."
மனநிலையின் பின்புறத்தில்
குழந்தை இருக்கை பொருந்துமா என்று
ஒரு கர்ப்பிணி கேட்டாள்.
ஒர்னெல்லாவின் புன்னகை மேடையோடு சுற்றிக்கொண்டு
அந்தப் பக்கம் போய்விட்டது.

பொருந்தாது அம்மா.
பின்கதவு கதவே அல்ல, கீறல்.
பொய்க்கால் குதிரை இது,
உள்ளே ஆடுகிற ஆள்கூட இல்லை.
எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில்
மரச்சட்டம், எடைக்கு ஆறு மணல் மூட்டை.
நேற்றிரவு எட்டுப் பேர் தள்ளி ஏற்றினோம்,
மழையில், மூச்சு வாங்க.

என் கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஒரு நிருபர் மட்டும்
பக்கவாட்டில் அமைதி என்று குறித்துக்கொண்டார்.
அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை.

ஏழு மணிக்கு அரங்கம் காலி.
சுல்மீரா துணியோடு மேடை ஏறினாள்.
கேப் வெர்தேக்காரி. ஐந்து வருடமாக
எல்லாக் கம்பெனி வண்டிகளின்மேலும்
விழுந்த விரல்களைத் துடைப்பவள்.
கண்ணாடியில் ஒரு குழந்தை மூக்கின் தடம்,
அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

"வலப்பக்கம் கை தானாகப் போகிறது" என்றாள்.
"இந்தப் பக்கம், இதோ,
பின்சக்கரம் வருவதற்குச் சற்று முன்னால்
துணி ஒரு தரம் யோசிக்கிறது."

டிசம்பர் இருபத்திரண்டு.
களிமண் செதுக்கும் எந்திரம் பழுது.
விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டும்.
கடைசி ஒன்றரை மில்லிமீட்டரை
நானே கையால் இழைத்தேன்.
கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னது நான்தான்.
பொய்யில்லை. இன்றைக்கு வந்த
அத்தனை கண்ணுக்கும் தெரியவில்லை.

"உனக்குப் பிடித்திருக்கிறதா வண்டி?"

"எனக்கா? நான் பேருந்தில் போகிறவள்.
கறுப்பைவிட இதில் விரல் பதிவது குறைவு.
அந்த நிறம் வைத்தவருக்குப் புண்ணியம்."

துணியை வாங்கி நானும் இழுத்துப் பார்த்தேன்.
வந்தது அந்த இடம்.
மாடிப்படி முடிந்த பிறகும்
இன்னொரு படி இருப்பதாக நினைத்துக்
கால் வைப்பதுபோல் இருந்தது.

"வரைந்தவரைத் தெரியுமா?" என்று கேட்டாள்,
மூக்குத் தடத்தின்மேல் மூச்சு ஊதியபடி.
தெரியாது என்றேன்.

காலை பத்துக்கு மேடை மறுபடி சுற்றும்.
நாற்பது விநாடிக்கு ஒரு முறை
இடது பக்கம் வரும்.