மேற்குச் சுவர்

இரவுப் பணி முடிந்து
எட்டரைக்குத் திங்கள்சந்தையில் இறங்குவேன்.
குளித்து, ரெண்டு தோசை தின்று, ஒன்பதரைக்குப் படுத்தால்
மூன்று மணிக்கு மேற்குச் சுவர் எழுப்பிவிடும்.
தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி.
வார்டை விட்டு வந்தும் அதே வேலை.

பங்குனி முதல் கட்டிலடியில் மாதிரிகள் கிடந்தன:
வெள்ளைத் தெர்மோகோல் ஒரு பலகை,
பாறைக் கம்பளி ஒரு துண்டு,
தம்பி ஜெபின் ஆலையிலிருந்து கொண்டுவந்த
தென்னைநார்ப் பலகை ஒரு முழம்.
ஒவ்வொன்றாய்ச் சுவரில் சாய்த்து
மேலே வெப்பமானியை ஒட்டி
உறங்காமல் குறித்துவைத்தேன்.

தெர்மோகோல் மலிவு, நல்ல பிள்ளை.
இரண்டாம் வாரமே எறும்பு குடிவந்து
வெண்பொடியைத் தரையெல்லாம் துப்பிற்று.
கம்பளியை வெறுங்கையால் தொட்டுவிட்டு
அன்றிரவு ஊசி போடும்போதும் சொறிந்தேன்.
மனசு நாரைத்தான் கேட்டது.
ஆனிச் சாரல் ஜன்னல் தாண்டிய ஒரு ஞாயிறு,
அதன் முதுகில் பச்சை பூத்தது.

கொத்தனார் எசக்கியேல்
நாரைப் பிய்த்து, தெர்மோகோலை நுள்ளி,
கம்பளியைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்:
"இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா சிஸ்டர்?
ஒரு மண்ணும் இல்ல. காத்து.
எல்லாவனும் காத்தத்தான் அடச்சு விக்கியான்.
நான் செங்கல்லு வெச்சு
ரண்டிஞ்சு காத்து அடச்சுத் தாறேன்.
எறும்பு திங்காது."

வெளியே கட்ட இடமில்லை,
லீலாபாய் வீட்டு மதிலுக்கு ஒரு முழம்தான்.
உள்ளே கட்டினால் ஆறரை அங்குலம் அறை போகும்.
கட்டிலை நகர்த்தி அளந்தேன்.
அலமாரிக் கதவு பாதி திறக்கும்.
எனக்கிருக்கும் சேலைக்குப் பாதி போதும்.

சீட்டு தையில் விழுந்தது.
ஐந்நூறு செங்கல், நாலு நாள் கூலி,
கீழ்வரிசையில் ஈரம் வடிய மூன்று துளை.
இரண்டு சுவருக்கு நடுவே
யாரும் மூச்சு விடாத காற்று
பேசாமல் நின்றது.

மாசியில் பூசி, பங்குனியில் படுத்தேன்.

யாரும் எழுப்பவில்லை.
கண் திறந்தபோது அடுத்த வீட்டில் விளக்கு,
போனில் பதினொரு அழைப்பு,
ஆறேகால் நாகர்கோவில் பஸ் இரணியல் தாண்டியிருக்கும்.
சீருடையை இழுத்தேன். பாதிக் கதவில் முழங்கை இடித்தது.
அந்த அவசரத்திலும் புறங்கையைச் சுவரில் வைத்தேன்.
குளிர்ந்திருந்தது,
காய்ச்சல் விட்டதும்
சொல்லாமல் வீட்டுக்குப் போன
ஆளின் படுக்கையைப் போல.

இனி அலாரம் வைக்க வேண்டும்.