ஆறு கிலோ எண்ணூறு

கோல கெட்டில் சாலையில், பழைய இரும்புக் கடைத் தராசில்
பங்களாச் சாமான்கள் ஏறுகின்றன:
துருப்பிடித்த மின்விசிறி, பால்வாளிகள் பதினொன்று,
கடைசித் துரை விட்டுப்போன இங்கிலீஷ் அகராதி,
பெட்டியோடு இரண்டு பாகம்.
தோட்டத்தை வீட்டுமனையாக்கப் போகிறார்களாம்.

"ஆறு கிலோ எண்ணூறு" என்றேன்.
"கிலோ இருபத்தைந்து காசு" என்றார் தவுக்கே யோங்,
கால்குலேட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.

மழை பிடித்துக்கொண்டது. லாரி வரவில்லை.
பெட்டியின் தலைமாட்டில் ஒரு குட்டி இழுப்பறை.
இழுத்தால், பூதக்கண்ணாடி.
அப்புறம்தான் புரிந்தது:
ஒரு பக்கத்துக்குள் நாலு பக்கத்தைச் சுருக்கி அடைத்திருந்தார்கள்,
லயத்து வீட்டில் நாங்கள் ஒன்பது பேர் படுத்த மாதிரி.

முன்னுரையை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
முகம் தெரியாத எத்தனையோ பேர்
புத்தகம் புத்தகமாகத் துழாவி
ஒரு சொல், அது வந்த வாக்கியம், வருஷம் என்று
துண்டுச்சீட்டில் எழுதித் தபாலில் போட்டார்களாம்.
சம்பளம் கிடையாது.
பத்து வருஷத்தில் முடிப்போம் என்றவர்கள்
ஐந்தாம் வருஷமும் முதல் எழுத்தைத் தாண்டாமல்
'ஆன்ட்' என்ற எறும்பில் நின்றிருந்தார்கள்.
கறையான் அவர்களைவிட வேகம்.
முதல் பாகத்தின் அட்டையை ஒரே மழைக்காலத்தில் முடித்திருந்தது.

'அமோக்' கண்டேன், மலாய் என்று போட்டிருந்தது.
'கறி' கண்டேன், தமிழாம்.
கல்யாணப் பத்திரிகையில் நம் பெயரையும் சேர்த்திருந்தால்
வருமே ஒரு சந்தோஷம், அது.

பிறகு கண்ணாடியில் ஊதித் துடைத்து, 'கூலி'.

பிறப்பு: ஒருவேளை குஜராத்து இனப்பெயர், ஒருவேளை தமிழ்.
பொருள்: ஆள்.
சுமக்கிற ஆள். கூப்பிட்டால் வருகிற ஆள்.

எங்கள் வீட்டில் கூலி என்றால் காசு.
வாங்கின அன்றே அரிசிக்கடைப் பற்றில் பாதி போகிற காசு.
கப்பலேறும்போது காசாக இருந்தது
கரையிறங்கும்போது ஆளாகிவிட்டது.
நடுக்கடலில் அந்தக் காசை எடுத்தது யார்?
அதற்கு மேற்கோள் இல்லை.
வருஷமும் போடவில்லை.

எடைச்சீட்டின் பின்புறம் எழுதினேன்.
சொல்: கூலி.
வாக்கியம்: 'இன்றைக்கு அறுபது வெள்ளி கூலி;
மழைக்கு அரைநாள் பிடித்தார்,
அகராதிக்கு ஒரு வெள்ளி எழுபது காசு கழித்தார்,
மீதியை எண்ணித் தந்தார்.'
சொன்னவர்: ந. அஞ்சலாட்சி, தராசுக்காரி.
தேதி போட்டேன்.
எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று தெரியவில்லை.

பூதக்கண்ணாடியைத் தவுக்கே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.
அது காகிதம் இல்லையாம்,
எடைக்கு வராதாம்.