ரூபாய்க்கு ரூபாய்

கானாடுகாத்தான். எட்டாம் நம்பர் மேசை.
தனியாக வந்திருக்கிறாள் கொரியாக்காரி.
மானேஜர் ஜாடை காட்டினார்:
கோழியில் மிளகைக் குறை.
குறைத்தோம்.

ஒரு வாய் வைத்தாள்.
"அண்ணே, இது ஆஸ்பத்திரிக் கோழி.
ரெண்டு வருஷமா காரைக்குடியில இருக்கேன்,
லேபுல பேட்டரி செய்யிறேன்.
பஸ் ஸ்டாண்டு சால்னாவுக்கே
அழுது முடிச்சாச்சு."
உள்ளே ராக்கப்பன் சிரித்துக்கொண்டே
மறுபடி மிளகை நசுக்கினான்.

பிறந்தநாளாம்.
அதற்குத்தான் இந்தச் சரவிளக்கு, பர்மாத் தேக்கு,
விசிறியாய் மடித்த துணி.
எதிர் நாற்காலியை நான் எடுக்கவில்லை.
தோஹாவில் பதினோரு வருஷம்
எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்
தனியாள் வந்தால்.

பில் வைத்தேன்.
சுற்றிப்பார்க்க வருகிறவர்கள்
ஒரு நொடி தங்கள் பணத்தில்
வகுத்துப் பார்ப்பார்கள். முகம் மலரும்.
இவள் வகுக்கவில்லை.
ரூபாய்க்கு ரூபாயாகவே படித்தாள்,
உதட்டைக் கடித்தாள்.

எனக்கும் அங்கே ஒரு நாள்
ரியால் ரியாலாகவே வலித்தது.
ஊருக்கு ஃபோன் போட்டபோது
சொல்லவில்லை.

பால் பணியாரம் நாலு
டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.
"பில்லுல இல்லையே?"
"கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு,
ஓடுங்க."