சூளைப் பதிவேடு

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி எங்கே முடிகிறது, கார் நிறுத்தும் இடம் எங்கே தொடங்குகிறது
என்று பனிக்கே தெரியாத ஒரு காலை.
கலைத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில்
சூளை மூடியைத் தூக்கினேன்.
இரண்டாம் தட்டு முழுக்க ஓடு.

ஹோதனின் பதினொரு தேநீர்க் கோப்பைகள்.
ஆறு அவள் அம்மாவுக்கு, மீதி விற்க.
பெத்ராவின் நீள்மூக்குக் கூஜாவில் மூக்கு மட்டும் மிச்சம்.
நடுவில், வெடித்த இடத்தில்,
ஒரு கன்னம், ஒரு கண் ஓட்டை:
ட்ரிக்வியின் முகமூடி.

ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவன். படிப்பது வணிகவியல்.
கலைப்பாடம் ஒன்று கட்டாயம் என்பதால் வந்தவன்.
இரண்டு விரல் தடிமனில் செய்திருந்தான்.
"அடி தாங்கணுமே, ப்ரொஃபசர்" என்று
போன வாரம் தட்டிக் காட்டினான்.
ஈர மண் 'தப்' என்றது.
அந்தத் 'தப்' என் காதில் விழுந்தது.

பதினான்கு பேர் சூளையைச் சுற்றி நின்றார்கள்.
"காற்றுக் குமிழி" என்றது ஒரு குரல்.
"சரியா பிசையல" என்றது இன்னொன்று.
அவன் தன் கைகளைப் பார்த்தான்.
மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில் வரும் ரப்பர் தட்டை
மறிக்கிற கைகள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் வாரம்
பலகையில் பெரிதாக எழுதிப்போடுவேன்:
காற்று வெடிக்காது. நீர்தான் வெடிக்கும்.
குமிழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்,
உலர்ந்திருந்தால் போதும்.
ஈரத்தை அவசரப்படுத்தினால்
ஆவி வழி கேட்கும்,
கொடுக்காவிட்டால் சுவரை எடுத்துக்கொள்ளும்.
தேர்விலும் கேட்பேன். இரண்டு மதிப்பெண்.

குமிழி என்றால் பிசைந்தவன் பிழை.
நீர் என்றால் சூடேற்றியவள் பிழை.

பதிவேடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
செவ்வாய் இரவு.
மூடியை விரற்கடை திறந்துவைத்து
விடியும்வரை சிறுசூட்டில் விட்டிருக்க வேண்டிய இரவு.
புதன் காலை எட்டு மணிக்குள்
என் பணிநிரந்தரக் கோப்பு லெனோர் மேசையில் இருக்க வேண்டும்.
'என் கற்பித்தல் கொள்கை', இரண்டு பக்கம், பாக்கி.
9.40. மூடி அடைப்பு. வேகம்: விரைவு.
பக்கத்தில் என் முதலெழுத்துகள்.
வீட்டுக்குப் போய்
"பொறுமையே என் பாடத்திட்டம்" என்று தொடங்கினேன்.

ஆக்கப் பொறுத்தவள்தான், ஆறவும் பொறுத்தவள்தான்.
காயப் பொறுக்கவில்லை.

அன்று வாய் திறக்கவில்லை நான்.
"துடைப்பம் எடுங்க" என்றேன், அவ்வளவுதான்.
குமிழி குமிழியாகவே இருந்துவிட்டது,
ஒரு வியாழன், ஒரு வெள்ளி,
ஒரு சனியிரவு ஆட்டம்.
ஐந்து கோல் விட்டானாம்.

திங்கள்கிழமை அவன் புது மண் பிசைந்துகொண்டிருந்தான்.
வாய்விட்டு எண்ணி, நூறு.
பிறகு கம்பியால் அறுத்து, இரு முகத்தையும் வெளிச்சத்தில் பார்த்து,
மறுபடி ஒன்றிலிருந்து.
அவனுக்கு அடுத்த சக்கரத்தில் யாரும் உட்காரவில்லை.
இவ்வளவு ஒழுங்காகப் பிசைந்த மண்ணை
இந்த அறையில் நான் பார்த்ததில்லை.
அதுதான் தாங்கவில்லை.

பதிவேட்டைக் கழற்றி அவன் முன்னால் வைத்தேன்.
சொல்ல வேண்டியவள் நான்.
"வாசி" என்றேன் அவனிடம்.
வாசித்தான். செவ்வாய். 9.40. விரைவு.
முதலெழுத்துகளில் நின்றுவிட்டான்.
ஹோதன் எட்டிப் பார்த்து முடித்துவைத்தாள்,
என் பெயரை முழுதாக.

குளிர்பதனப் பெட்டி ஓடுகிற சத்தம்.
யாரோ பஞ்சைத் தண்ணீரில் போட்டார்கள்.
"அப்போ அந்தத் தடிமன் சரியா?" என்றான் ட்ரிக்வி.
"மூணு வாரம் காயணும்."
"மூணு வாரமா" என்றான், மண்ணைப் பார்த்து.
லெனோரிடம் கோப்பு இருக்கிறது. அந்த வரியும் அதில் இருக்கிறது.

ஹோதன் போனை எடுத்தாள், எண்ணை அழுத்தினாள்,
என் பக்கம் நீட்டினாள்.
"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."
கையெல்லாம் மண்.
வாங்கிக் காதில் வைத்தேன்.
மணி போய்க்கொண்டிருந்தது.